அட்டைப்படத்துக்குப் பயந்த கடை

கரண்ட் பாதி நேரம் இல்லாத ஊரில் பழைய ரெக்கார்டு விற்றால், வருகிறவர்கள் பாட்டைக் கேட்பதில்லை, அட்டையைத்தான் பார்ப்பார்கள். பர்மாவில், பபேடான் பேட்டையில் என் கடை. அதே ஊரில் போட்டாதாங் பக்கம் வீடு காலி செய்கிறவர்களிடம் கட்டுக்கட்டாக வாங்குவேன். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல், ஃபங்க் வகைப் பாட்டு ரெக்கார்டுகள் அதில் நிறைய வரும். உள்ளே காதல் பாட்டாகவே இருந்தாலும், அட்டையில் சிறைக்கம்பி, சேரி, ரொட்டிக்கு நிற்கும் வரிசை என்று அவர்கள் கோபமெல்லாம் இருக்கும். பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அதுவே என் பயம். கடை வைத்திருக்கிற யாருக்கும் நான் சொல்லிப் புரிய வேண்டியதில்லை.

தூக்கிய கை

ஓர் அட்டையில் வெறும் கை மட்டும். போராட்டக்காரர்கள் போல விரல் மடக்கி மேலே தூக்கிய கறுப்புக் கை. கலர் நன்றாயிருக்கிறதே என்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். தெருவில் போனவர்கள் ஒருதரம் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

பக்கத்துக் குடைக்கடை காசிம் நானா தன் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து, தானே அதைத் திருப்பி வைத்தார். எந்தக் காலத்துப் பாட்டுக்காரன் கையோ, நமக்கென்ன என்றேன். அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: “கை யாருடையதுன்னு கேட்டுட்டா கூட்டிட்டுப் போறாங்க, தங்கச்சி?”

சோதனை

ஒரு மத்தியானம் வட்டார அதிகாரி வந்தார், கூடவே துப்பாக்கியோடு இரண்டு பேர். ஒருவன் என் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். அதிகாரியும் அவனோடு நின்று பார்த்தார். இன்னொருவன், சின்னப் பையன்தான், அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். கண்ணாடியிலிருந்து எடுத்துச் செருகிய அந்தக் கை எந்த அடுக்கில் இருக்கிறது என்று எனக்கு மறந்துவிட்டது.

அவன் நின்றது வேறொரு படத்தில். எரிகிற வீடுகளுக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. எந்த ஊர் என்று பர்மியத்தில் கேட்டான். அமெரிக்கா என்றேன். யார் கொளுத்தினார்கள் என்றான். தெரியாது என்றேன். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அட்டையை அடுக்கின் அடியில் செருகினான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: “எங்க ஊரும் இப்படித்தான் எரிஞ்சது.”

அட்டை மட்டும்

எஸ்தர் ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகில் வருகிறவள், ஆஸ்பத்திரி நர்ஸ். பாதி தமிழ், பாதி பர்மியம் பேசுவாள். ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்க, ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கிற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் தம்பியை பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவே இல்லை. வீட்டுக்கும் சோதனை வருமென்று பயந்து, அம்மா அவன் போட்டோக்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாராம். இப்போது சுவரில் பார்த்து அழ ஒன்றுமில்லை.

ரெக்கார்டை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, அட்டையைக் கூடையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்தாள். இதையும் கொண்டுபோ என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். “படம் சும்மா இருக்கும் அக்கா. பாட்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.”

இந்தப் படங்களைப் போட்டவர்களுக்கு அவர்கள் ஊரில் கைதட்டல் கிடைத்திருக்கும், விற்கிற நானோ வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அட்டைகளைத் திருப்பி வைக்கிறேன்.