பெலாரஸ்காரரின் பத்து நிமிஷம்

மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் மாலை விற்றுத் தொடங்கி, கடல் தெரிகிற மாதிரி எட்டு ரூம் கட்டினவன் நான். ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசியே இங்கிலீஷ் பிடித்துக்கொண்டேன். காலேஜ் படித்தவர்கள்கூட டூரிஸ்டிடம் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒருவருடைய காலைக் கெடுத்தது.

அவர் பெலாரஸ்காரர். தெருவில் எல்லாரும் ரஷ்யாக்காரர் என்றார்கள். நான்தான் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அது வேறு நாடு என்று திருத்தினேன். நாற்பது வயது இருக்கும். ஃபுட்பால் ஆடியே பிழைத்தவர். ஏதோ ஒரு தொழிற்சாலை டீமில் சேர்ந்து, பனி கொட்டும்போது ஆரஞ்சுப் பந்தில் ஆடி, பெரிய கிளப்புக்குப் போனவர். நாட்டு டீமுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்களாம். இரண்டு தடவையும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

"எத்தனை கோல்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது கையில் பாதியில் நின்றுவிட்டார். தான் நடுவில் ஆடுகிறவர், எடுத்துக் கொடுப்பது தன் வேலை, போடுவது மற்றவர்கள் வேலை என்றார். கடைக்காரனுக்கும் டூரிஸ்டுக்கும் நடுவில் நின்றே மேலே வந்தவன் நான். உடனே விளங்கிவிட்டது.

வலது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். அதோடு ஆட்டம் முடிந்தது. மூன்றாவது முறையும் முட்டி போனால் அவ்வளவுதான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அடுத்த மாதம் அவருக்காகக் காத்திருந்தது. அதற்குள் எண்ணெய் தேய்த்து, வெயிலில் நடந்து, காலைத் தேற்றிக்கொள்ள வந்திருந்தார்.

பக்கத்துக் குப்பத்தில் ஃபுட்பால் டோர்னமென்ட். நடத்துகிறவர் மீன் ஏலம் விடுகிறவர், எனக்கு வேண்டியவர். "நம்ம வூட்ல இன்டர்நேஷனல் பிளேயர் கீறாரு. வேர்ல்டு கப் ஆடினவரு. கெஸ்ட்டா இட்டுகினு வரவா?" என்றேன். வேர்ல்டு கப் என்பது நானே சேர்த்தது.

"இட்டாந்துரு அண்ணாத்த," என்றார்.

நான் நினைத்தது மேடையில் உட்கார்ந்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு, பந்தை ஒரு உதை உதைத்துத் தொடங்கிவைக்கிற சீஃப் கெஸ்ட். பெலாரஸ்காரரிடமும், "யூ சிட். ஒன்லி சிட்," என்றுதான் சொல்லிக் கூட்டிப்போனேன்.

மைதானத்தில் ஏலக்காரர் குப்பத்து டீமின் பச்சை ஜெர்சியோடு நின்றார்.

"இன்னாபா இது?"

"நீதானே கெஸ்ட்டுன்னே? லிஸ்ட்ல எய்திக் குட்த்தாச்சி. மைக்லயும் சொல்லிட்டாங்கோ."

வெளியூரிலிருந்து ஒரு ஆட்டத்துக்கு மட்டும் டீமில் சேர்த்துக்கொள்கிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் கெஸ்ட் என்றுதான் பேர். எனக்குத் தெரியாததல்ல. பேசின வேகத்தில் தோன்றவில்லை.

"அவருக்கு முட்டி சரியில்லபா."

"வேர்ல்டு கப்ல சரியா இருந்துச்சா?"

பின்னாலிருந்து ஒருவன், "அங்க பந்து பொறுக்கிப் போட்டுகினு இருந்திருப்பான், வுடு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவரிடம் போய், "டென் மினிட்ஸ். நோ ரன்," என்றேன். பத்து நிமிஷம் ஆனதும் நான் கையைத் தூக்குவேன், அவர் வெளியே வந்துவிட வேண்டும் என்று பேச்சு. மணலைக் காலால் அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜெர்சியை வாங்கிக்கொண்டார்.

அவர் ஓடவே இல்லை. பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு தடவை பார்த்துவைத்துக்கொள்வார். வந்ததும் ஒரு தொடு. பந்து யாருமே இல்லாத இடத்துக்குப் போகும். அது போய்ச் சேரும்போது அங்கே எங்கள் ஆள் ஒருவன் இருப்பான். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு கோல் விழுந்தது, அவர் கொடுத்த பந்தில். ஏலக்காரர் என் முதுகில் தட்டி, "இந்தாளுக்குப் பின்னாடியும் கண்ணு கீது அண்ணாத்த," என்றார். எனக்கு நாற்காலி வந்தது, சோடா வந்தது.

வாட்சைப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து அவரும் என்னைப் பார்த்தார். இன்னொரு கோல் விழட்டுமே என்று இருந்துவிட்டேன். எதிர் டீம் ஒன்று போட்டுச் சமன் ஆக்கியது. அவர் மறுபடியும் பார்த்தார். நான் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிஷம் தாண்டியபோது, அவர் தன்னைக் கடந்து போன பந்துக்காகத் திரும்பினார். உடம்பு திரும்பியது; பாதம் மணலில் புதைந்து அப்படியே நின்றது. அவர் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

என் காரில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு அவர் பேசுகிற இங்கிலீஷ் பிடிபடவில்லை. என்னிடம் தமிழில் சொன்னார்: "ஆபரேஷன் பண்ணா நடப்பாரு. கிரவுண்ட்ல எறங்குற வேலை மட்டும் இனிமே வேணாம். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

இத்தனை வருஷம் பேசின இங்கிலீஷில் அதற்கு நாலே வார்த்தைதான் இருந்தது. "நோ கிரவுண்ட். நோ கோச்."

அவர் என் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். "டென் மினிட்ஸ்?" என்றார்.

வாட்ச் நின்றுபோய்விட்டது என்று சொல்ல வாய் வந்தது. "ட்வென்டி," என்றேன். "ஐ சீ வாட்ச். ஐ நோ டெல்."

அவர் "ஜாப்" என்று சொல்லிப் போனை எடுத்து, வேலை தருவதாகச் சொன்ன ஆளைக் கூப்பிட்டார். அவர்கள் பாஷை, எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பேசிக்கொண்டே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். நடுநடுவே நிறுத்தி, அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். நான் கட்டிலோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.