பேட்டரி தூக்குத ஆளு

எங்க அப்பாவுக்கு வலது தோள் போச்சு. கைய மேல தூக்கினா பாதியில நின்னுரும். நாங்க பாருக்கு மேல, அதான் கடலுக்கடியில கெடக்க பாறைக்கு மேல, நங்கூரம் போட்டு நின்னு தூண்டி போடுத ஆளுங்க. ஒரு எடத்துல கடிக்கலன்னா நங்கூரத்தத் தூக்கிட்டு அடுத்த எடம். எத்தன தடவ தூக்கணும்னு மீன்தான் முடிவு பண்ணும். கூட வந்த சித்தப்பா துபாய்க்குப் போயிட்டாரு. மிச்சம் நான். திருநெல்வேலில எலக்ட்ரிகல் படிச்சி முடிச்சிட்டு நங்கூரம் தூக்கிக்கிட்டு கெடந்தேன்.

சென்னைல ஒரு வேல வாரமாதிரி இருந்துச்சு. அதுக்காகத்தான் கரண்டு வின்ச்சே வாங்கினோம். பேட்டரில ஓடுத சின்ன மோட்டாரு, நங்கூரக் கயித்த சுத்துத உருளை, ஒரு பட்டன். நானே மாட்டினேன். ஒயர் இழுத்து, அப்பா இஞ்சின் பிடிக்க எடத்துக்குப் பக்கத்துலயே பட்டன வச்சேன். ஒத்த ஆளா போயிட்டு வந்துரலாம். சும்மா சொல்லக்கூடாது, சாமான் செம. மொத நாளு அமுக்குனதும் கயிறு பாட்டுக்கு வந்துச்சு, நங்கூரம் சொட்டச் சொட்ட மேல வந்து நின்னுச்சு. அப்பா இன்னொரு தடவ எறக்கிட்டு இன்னொரு தடவ ஏத்துனாரு. நான் மனசுக்குள்ள பெட்டி கட்டிட்டேன்.

கோளாறு கரைலதான். எங்க இஞ்சின்ல சார்ஜ் ஏறாது. தெனமும் பேட்டரிய வீட்டுக்குக் கொண்டு போயிப் போடணும். லாரிக்கு வைக்க பேட்டரி வேற. போட்டுலேருந்து வீடு வரைக்கும் மணலு, வண்டி எறங்காது. ஆக, கடல்ல தூக்குன கனத்த கரைல தூக்குதோம், அவ்வளவுதான். சின்ன பேட்டரி மாட்டிப் பாத்தேன், ரெண்டு இழுவைல செத்துப்போச்சு. சோலாருக்கு அந்தப் போட்டுல எடமே இல்ல. பக்கத்து போட்டு மாமா ரெண்டு நாள் தூக்கிக் குடுத்தாரு. அப்புறம் அவருக்கும் அவரு மீனு இருக்குல்லா. பெறகு ஒரு நாளு நான் தூக்கிட்டுப் போவும்போது சொல்லுதாரு:

"ஏலே மருமவனே, நங்கூரத்துக்கு மிசின் வாங்கிட்ட. இதத் தூக்குததுக்கு எப்பம் வாங்கப் போற?"

கரையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய.

வேல கெடச்சிருச்சு. திசையன்விளைலேருந்து சாயங்காலம் பஸ்ஸு. அப்பாதான் டிக்கெட் போடச் சொன்னாரு, நான் பாத்துக்கிடுதேம்லேன்னு. எப்படின்னு நான் கேக்கல. கேட்டா போவ முடியாதுல்லா.

பஸ்ஸு ஏறுத அன்னைக்கு விடிய எந்திச்சுப் பாத்தா, சார்ஜ் போட்ட எடத்துல பேட்டரி இல்ல. வாசல்லேருந்து மணல்ல ஒரே கோடு. மீன் தட்டுல பேட்டரிய வச்சி, கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருக்காரு. கோடு நேரா போவுது, அப்புறம் கோணுது, அப்புறம் விட்டு விட்டுப் போயி பாதியில நின்னுருச்சு. பேட்டரி அங்கன கெடக்கு. அப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு, கயித்த இடது தோள்லேருந்து எடுக்கக்கூட இல்ல. வலது கைய, தூங்குத பிள்ளைய வச்சிருக்க மாதிரி மடில வச்சிருக்காரு.

என்னையப் பாக்கல. கடலப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"பஸ்ஸு எத்தன மணிக்குலே?"

"போட்டுக்கு நேரமாச்சு, எந்திங்க"ன்னேன்.

அவரு வேண்டாம், நீ கெளம்புன்னு சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல.

அந்த வேலைல வேற எவனோ சேந்துட்டான். வின்ச்சு இப்பமும் நல்லாத்தான் ஓடுது. அப்பா ஒத்த ஆளாத்தான் போவுதாரு. எப்பம் திரும்புவாருன்னு மீனுக்குத்தான் தெரியும், அதனால உள்ளூர்லயும் ஒரு வேலைக்கு என்னால போவ முடியல. காலைல பேட்டரிய ஏத்தி விடுதேன். அது திரும்பி வார வரைக்கும் கரைல உக்காந்திருக்கேன்.