இடது குதிகாலில் மச்சம்

கணபதிராமன் சார் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் கிளார்க். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. ஓய்வு பெற்ற நாளில் தலையில் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை வைத்து, சால்வை போட்டு, "தப்பே செய்யாத கை" என்று ஹெட்மாஸ்டர் கன்னடத்தில் பேசினார். பக்கத்து மேஜைக்காரனான நான் பலமாகக் கைதட்டினேன். அதை நினைத்தால் இப்போது உடம்பே கூசுகிறது.

ஏனென்றால் நாங்கள் டி.சி. எழுதிய லட்சணம் எனக்குத் தெரியும். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைக்கு இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும். ஒரே மாதத்தில் முந்நூறு டி.சி. யார் உட்கார்ந்து மச்சம் தேடுவது? பையன் என்றால் நெற்றியில் தழும்பு, கன்னத்தில் மச்சம். பெண் என்றால் இடது குதிகாலில் மச்சம், வலது முழங்கையில் தழும்பு. பெண்பிள்ளையின் குதிகாலைத் திருப்பிப் பார்க்க எவன் வரப்போகிறான்? சார் எழுதுவார், நான் முத்திரை குத்துவேன்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, நான் சார் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ரூபா வந்தாள். தமிழர்கள் வாழும் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். எங்கள் பள்ளியில் படித்தவள். இப்போது கார்மெண்ட்ஸில் தையல் வேலை. கையில் அரைக் கிலோ மைசூர் பாக்.

"சார், நீங்க எழுதி வச்சதுனால என் காலு தப்பிச்சுதுங்க."

அவள் இடது குதிகாலில் கருப்பாக ஒன்று இருந்திருக்கிறது. தோல் டாக்டர் அதில் ஒரு துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினார். வெறும் மச்சமா, மெலனோமா என்கிற தோல் புற்றுநோயா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. சில சாது மச்சங்களும் கண்ணாடிக்கடியில் இப்படித்தான் கோணல்மாணலாகத் தெரியுமாம். "சின்ன வயதிலிருந்து இருக்கிறதா, புதிதாக வந்ததா?" என்று டாக்டர் கேட்டார். பழையது என்றால் போட்டோ எடுத்து வைத்து மூன்று மாதம் பார்க்கலாம். புதிது என்றால் சுற்றுச் சதையோடு மொத்தமாக வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும். ரூபாவுக்கு நினைவில்லை. தன் குதிகாலை யார் பார்க்கிறார்கள்? குளிப்பாட்டி வளர்த்த அம்மா மாரியம்மாவும் போய்விட்டாள். அப்போதுதான் பெட்டியில் பழைய டி.சி. அகப்பட்டது.

"திங்கக்கிழம இதக் காட்டுனா போதுங்க சார். வெட்ட வேணாம்னுடுவாரு. காலு போனா நான் மிஷின் மிதிக்கறது எப்படி?"

சார் தலையை ஆட்டினார். அவள் போன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சந்திரா, நான் எந்தக் கொழந்தையோட குதிகாலைடா பாத்தேன்?"

"நெஜமாவே அப்பவே இருந்திருக்கலாம் சார். நுணலும் தன் வாயால் கெடும். பேசாம இருங்க."

நான் பயந்தது ரூபாவுக்காக இல்லை. என் முத்திரைக்காக. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி, சனி, ஞாயிறு. சார் வெளியே தலைகாட்டவில்லை. மைசூர் பாக் டப்பாவைத் திறக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை, எறும்பு வந்தது. பேட்டா வைத்த போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டதாக அவர் மனைவி அன்னபூர்ணி சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அந்த மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கியது.

திங்கட்கிழமை காலை என்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். ரூபா எங்களைப் பார்த்ததும், சாட்சி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சிரித்தாள். டாக்டர் அந்த டி.சி.யைக் கையில் வைத்திருந்தார். சார் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது என் பொண்ணு ஷ்ரேயாவோடது. அதே பள்ளிக்கூடம், அதே அடையாளம். நான்தான் எழுதினேன். அவ குதிகால்ல ஒரு புள்ளிகூடக் கெடையாது. பெத்த பொண்ணுக்கே பாக்காம எழுதினவன் நான். இத நம்பாதீங்கோ."

ரூபாவின் சிரிப்பு அப்படியே நின்றது. முத்திரை என்னுடையது என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரூபா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள்.

"இப்பவாவது பாருங்க சார்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கொள்ளுப் பருப்பு அளவில் கருப்பாக இருந்தது. ஓரம் ஒரு பக்கம் மட்டும் கசிந்த மை மாதிரி பரவியிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

அந்த வாரமே மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். சோதனையில் மெலனோமா என்று தெரிந்தது. ஆழமாக இறங்கவில்லை, கால் தப்பியது, முறையாக வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார் டாக்டர். ரூபாதான் போன் செய்து சொன்னாள். சார் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்; நானும் கேட்டேன்.

"சார், இன்னொரு அடையாளம் எழுதியிருக்கீங்களே, முழங்கையில தழும்புன்னு. அதும் சும்மாதானுங்களா?"

"சும்மாதாம்மா."

ரூபா வாய்விட்டுச் சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். போனை வைத்துவிட்டுத் தன் வலது கையை மடியில் போட்டு, மேல்துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.