புதுச் சட்டையைப் பழசாக்கித் தரவும்

போன சனிக்கிழமை திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு ரெடிமேட் கடைக்குப் போயிருந்தேன். கைக்குழந்தைகள் துணி இருக்கும் பக்கம். ஒரு வெள்ளை ஃப்ராக்கை எடுத்து, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. எதையும் வாங்க மாட்டோம்... எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோம்.

கடைப் பெண் கேட்டாள்: "கொழந்த பொறந்துடுச்சுங்களா மேடம்?"

"இல்லம்மா, அடுத்த மாசம். ஆபீஸ்ல கூட வேலை செய்ற பொண்ணுக்கு."

அவ்வளவுதான். ஃப்ராக்கை என் கையிலிருந்து பதமாக வாங்கி, மடித்து, ஷெல்ஃபிலேயே வைத்துவிட்டாள். "அப்ப இப்ப வேணாங்க. பொறந்தப்புறம் வாங்க. துணி எங்க போவப் போவுது?"

விற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற பெண்! கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தேன். அவரும் 'அவ சொல்றது கரெக்ட்டு' என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை நன்றாகப் பட்டவள் நான். பட்டும் புத்தி வரவில்லை என்பதுதான் விசேஷம்!

எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். என் நாத்தனார் மல்லிகா — கணவரின் தங்கை — உண்டாகியிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது தடவை ஐந்து மாதம் வரை வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் எதையும் முன்கூட்டிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

"தீபத்துக்கு எங்க வீட்டு மொட்டை மாடிக்கு வந்துடு மல்லிகா, கூட்டத்துல இடிபடாம பாக்கலாம்" என்பேன். "அப்ப பாத்துக்கலாம் அண்ணி" என்பாள். வயிற்றில் இருப்பதைக் குழந்தை என்றுகூடச் சொல்ல மாட்டாள். "அது அசையுது அண்ணி" என்பாள், அதுவும் குரலைத் தாழ்த்தி... உரக்கச் சொன்னால் போய்விடுமோ என்கிற மாதிரி.

என் சுபாவம் நேர் எதிர். சந்தோஷம் வந்தால் என் கை சும்மா இருக்காது. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே மல் துணி எடுத்துவிட்டேன். வேங்கிக்காலில் ஆபீஸ் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தையல் மெஷினில் உட்காருவேன். ஜப்லா! முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற சின்னஞ்சிறு சட்டை. பச்சைக் குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்று தையல் மடிப்புகளை எல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைக்க வேண்டும். பட்டன் கூடாது, லேஸ் கூடாது. ஆணா பெண்ணா தெரியாதே... அதனால் மஞ்சளும் இளம்பச்சையும்.

மொத்தம் ஒன்பது தைத்தேன். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு வாத்து எம்ப்ராய்டரி. என் கணவர் பார்த்துவிட்டு, "காக்கா ஜோரா இருக்கே!" என்றார். அவருக்கு ரசனை எப்போதுமே கம்மி.

போதாக்குறைக்கு, பக்கத்து சீட் டைப்பிஸ்டிடம் ஊசி இரவல் வாங்கி ஒரு கம்பளிக் குல்லாவும் பின்னினேன். திருவண்ணாமலை வெயிலுக்குக் கம்பளிக் குல்லாவா என்று கேட்காதீர்கள். பின்னிக்கொண்டிருக்கும்போது யாருக்கு வெயில் ஞாபகம் வருகிறது?

ஆவணியில் மல்லிகாவின் புகுந்த வீட்டில் வளைகாப்பு. நாங்கள் அம்மா வீட்டுப் பக்கம் என்பதால் சீர்த்தட்டுகளோடு போனோம். வளையல், பூ, பழம், கலந்த சாதங்கள்... கடைசித் தட்டில் என் ஒன்பது ஜப்லாவும் குல்லாவும்! விசிறி மாதிரி அடுக்கி, ஜிகினாப் பேப்பர் சுற்றி, யாரிடமும் மூச்சு விடாமல் கொண்டுபோய் நடுக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். சர்ப்ரைஸ்!

சர்ப்ரைஸாகத்தான் இருந்தது. கூடமே கப்சிப் ஆகிவிட்டது. பின்வரிசையில் யாரோ "ஐயையோ" என்றார்கள். என் மாமியார் விடுவிடுவென்று எழுந்து வந்து, ஒரு துண்டை எடுத்துத் தட்டை மூடினார்.

"இன்னாம்மா வசந்தா இது? பொறக்காத கொழந்தைக்குத் துணி தைப்பாங்களா யாராச்சும்? அதுவும் புதுத் துணி!"

வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். பிறப்பதற்கு முன் எதையும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் போடுவது பழைய சட்டைதான். பிள்ளைகள் நல்லபடியாக வளர்கிற வீடாகப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். எடுத்த எடுப்பில் புதுசு போட்டால் கண் பட்டுவிடும். எனக்கு இது தெரியாதா? சின்ன வயதிலிருந்தே தெரியும். கத்தரியைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

மல்லிகாவோ வளையல் அடுக்கிய கைகளை மடியில் வைத்தபடி அந்த மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஆபீஸில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஊர் என்ன சொல்லும் என்பதை விடுங்கள்... நானே என்னை மன்னிப்பேனா? வீட்டுக்கு வந்ததும் ஜப்லாக்களை ஒரு பையில் திணித்து பீரோவுக்கு அடியில் தள்ளினேன். மெஷினை மூடிவைத்தேன்.

மல்லிகாவைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்திருந்தோம். மாமியார் இருப்பது கீழ்பென்னாத்தூரில். ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீடுதான் பக்கம் என்று மாமியாரும் வந்து தங்கியிருந்தார். நாலு நாள் மல்லிகாவின் முகத்தை நேராகப் பார்க்காமலே வளைய வந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம், மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம், சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அந்தப் பை எங்க?"

"எந்தப் பை?"

"நடிக்காதீங்க. ஜப்லா வெச்ச பை."

"அதை யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன் மல்லிகா. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"ஐயோ, குடுத்துடாதீங்க!" பதறிவிட்டாள். "அன்னிக்கு நான் பயத்துல அழுவல அண்ணி. அவ்ளோ அழகா இருந்துது. எடுத்துத் தொட்டுப் பாக்கணும்னு ஆசையா இருந்துது. தொடக் கூடாதேனு நெனச்சேன் பாருங்க... அதான் அழுவ வந்துடுச்சு."

கரண்டியைப் போட்டுவிட்டு அவளை அப்படியே கட்டிக்கொண்டேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "புதுசா இருக்கறதுதான அண்ணி தப்பு? பழசாக்கிடுங்க."

அடிப்பாவி! இது எனக்குத் தோன்றவே இல்லையே?

மறுநாளே, கைக்குழந்தை இருக்கிற வீடாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். முதல் போணி ஆபீஸ் சரளா. அவள் பிள்ளைக்கு நாலு மாதம், நல்ல கொழுகொழு. "கை நுழைய மாட்டேங்குதுக்கா" என்று அவள் இழுக்க, டர்ர்ரென்று அக்குளில் கிழிந்தது. அவளுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ பரம சந்தோஷம். கிழிந்து தைத்த சட்டையைவிடப் பழசு உலகத்தில் உண்டா?

செங்கம் ரோட்டில் வாடகைக்கு அறை எடுத்துக் கைக்குழந்தையோடு தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், நான் வழக்கமாகப் போகிற மளிகைக் கடைக்கு வருவாள். அவளையும் விடவில்லை. என் இங்கிலீஷில் விளக்கினேன். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி ஒரு ஜப்லாவை வாங்கிப்போனாள். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள் பாருங்கள்... துவைத்து, பெட்டி போட்டு, மடிப்புக் கலையாமல், மேலே ஒரு செம்பருத்திப் பூ வேறு! நான் கொடுத்தபோது இருந்ததைவிடப் புதுசாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரம் பால் கக்கின கறையோடு சட்டை வந்து சேர்ந்தது. தங்கமான பெண்!

கோயில் பக்கம் பூ விற்கிற ராணிக்கு இரட்டைப் பிள்ளைகள், பிறந்து ஐம்பது நாள். நான் பாதி சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு குடுக்கா. ஒரு நாள்லாம் பத்தாது. நாலு தடவ நல்லா மூத்திரம் போவட்டும், அப்பதான் பழசு" என்றாள். கம்பளிக் குல்லாவையும் அவள்தான் வாங்கிக்கொண்டாள். விடியலில் பூ கட்ட வருகிறவள். பனிக்கு ஆகும் என்றாள். திருப்பித் தரும்போது, தன் பிள்ளைகள் பிறந்தவுடன் போட்ட ஒரு நைந்த சட்டையையும் சேர்த்துக் கொடுத்தாள். "இதையும் வெச்சுக்க. என் புள்ளைங்க மாதிரி நல்லா இருக்கட்டும்."

இப்படித்தான் எல்லோரும். ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திரும்பி வந்தது. எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருத்திகூட 'எதுக்கு?' என்று கேட்கவில்லை. 'எத்தினி மாசம்?' என்றுதான் கேட்டார்கள். நம் ஊரில் ஆசை இல்லாமல் இல்லை... அதைப் பளிச்சென்று வெளியே காட்டத்தான் பயம். கொஞ்சம் அழுக்காக்கி, கொஞ்சம் கசக்கி, பழந்துணியில் சுற்றி வைத்துக்கொண்டால்தான் நிம்மதி!

மாமியாருக்குத் தெரியாமல் செய்வதாக எங்கள் இரண்டு பேருக்கும் நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு வந்தவர், கொடியில் வரிசையாகக் காய்கிற சின்னச் சட்டைகளைப் பார்த்துவிட்டார். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது யாரு வூட்டுது?"

"ஆபீஸ் சரளா வீட்டுது அத்தை."

"கொழந்த நல்லா இருக்குதா? பால் குடிக்குதா?"

"குடிக்கிது அத்தை. சட்டையே கிழிஞ்சு போச்சு."

"இது?"

"வெள்ளைக்காரம்மாவோடது."

அதில் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் தாய்தானே" என்று அடுத்ததற்குப் போனார். கடைசியில் என்னைப் பார்த்து, "இன்னும் புதுசா எதுனா மீதி இருக்குதா?" என்றார்.

"மூணு இருக்கு அத்தை."

"குடு. எங்க பக்கத்து வூட்டு மருமவளுக்குக் கொழந்த பொறந்து ஒரு மாசம் ஆவுது. நாளைக்கு பஸ்ஸுல போயி போட்டுட்டு வந்துடறேன்." படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "காக்கா நல்லா இருக்குது."

கார்த்திகை பிறந்து, தீபத்துக்கு ஊர் நிரம்பத் தொடங்கியிருந்த ஒரு காலை வேளையில் மல்லிகாவுக்கு வலி எடுத்தது. எந்தத் தெருவிலும் ஆட்டோ நுழைய முடியவில்லை. எப்படியோ சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் மாமியாரும் நானும். மடியில் பை. அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியாது.

பத்தரை மணிக்கு உள்ளே அழுகைச் சத்தம். சின்ன அழுகை இல்லை... வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை! ஆயா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பழந்துணி வெச்சிருந்தா குடுங்கம்மா."

மாமியார் பையை அப்படியே பெஞ்சில் கவிழ்த்தார். கண்ணில் நீர் வழிய வழியத் தேடினார். "ஒண்ணு போதும்மா" என்றார் ஆயா. "இரும்மா, அவசரப்படாத. பூக்காரி வூட்டு ரெட்டைப் புள்ளைங்க போட்டது ஒண்ணு இருக்குது... இந்தா, இதப் போடு." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கவில்லை.

மதியத்துக்கு மேல் என்னை உள்ளே விட்டார்கள். மஞ்சள் ஜப்லாவில் என் குட்டி மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை இரண்டு சுற்று பெரிசு. மல்லிகா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் களைப்பு. ஆனால் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணி..."

"என்னம்மா? தண்ணி வேணுமா?"

"இவ மொத பொறந்த நாளுக்கு ஒரு பட்டுப் பாவாடை தைக்கணும். புதுத் துணில."

பிறந்த நாளுக்கு இன்னும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் பாக்கி இருந்தது... நான் அன்று சாயங்காலமே துணி எடுத்துவிட்டேன்!