குவாச்சா விழுந்த நாள்

அப்பாவின் குரலுக்கு முன்னால் என் குரலே என் காதுக்குத் திரும்பி வரும். மலாவியிலிருந்து வரும் அழைப்பில் "அப்பா" என்று நான் சொன்னால், கரகரவென்று ஓர் இரைச்சல் கேட்கும். பிறகு யாரோ ஒரு சின்னப் பெண் தொலைவில் நின்று "அப்பா" என்பாள். அதற்கும் அப்புறம்தான் அவர் செல்லமாக "சாமி" என்பார். அந்த இடைவெளி எனக்குப் பிடிக்காது. அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடலாம் என்று தோன்றும்.

வெண்ணந்தூரில் எங்கள் விவசாயக் காட்டை அடமானம் வைத்து, அப்பாவும் அம்மாவின் அண்ணனான மாமாவும் கூட்டாக ஒரு ரிக் வண்டி வாங்கிக் கப்பலேற்றி, ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நாட்டுக்குப் போர்வெல் போடப் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை; ரேஷன் கார்டு மாதிரி பாஸ்போர்ட்டும் வீட்டுக்கொன்று இருக்கும். அங்கே கூலி குவாச்சாவில் வரும், இங்கே கடன் ரூபாயில் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்ததும் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்றெல்லாம் அம்மா கேட்கமாட்டாள். "ஏனுங்க, இன்னிக்கு எத்தனைங்க?" என்பாள். ஒரு ரூபாய்க்கு எத்தனை குவாச்சா என்பதுதான் கேள்வி. அப்பா "மூணு" என்றால் அன்று வீட்டில் கறி. "மூணேகால்" என்றால் அம்மா பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். என் வகுப்புப் பிள்ளைகள் பேய்க்குப் பயந்தார்கள். பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள்; என்னைப் பயமுறுத்தியதோ அந்தக் கால்தான். எண் ஏறினால் அந்த நாட்டுப் பணம் இறங்குகிறது என்று புரியாமல், "ஏறினா நல்லதுதானேம்மா" என்று கேட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ரிக் வீடுகளில் இன்னொரு பயமும் உண்டு. வண்டியின் மேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரத்தை "மாஸ்ட்" என்பார்கள். எங்கோ வேலையிடத்தில் அது சாய்ந்தால் "விழுந்துருச்சு" என்று மட்டும்தான் ஊருக்குச் சேதி வரும். எது விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் மேல் என்றுதான் கேட்பார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஆளைப் பறிகொடுத்த வீடு ஒன்று இருந்தது. அதைத் தாண்டும்போது நான் ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு அல்லாத நாளில் அந்த நீள எண்ணிலிருந்து ஃபோன் வந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்தேன். மாமா. "சாமி, அம்மாகிட்டச் சொல்லீரு, விழுந்துருச்சு. அப்பா பேசற நெலமைல இல்ல. அப்பறமாக் கூப்படறேன்." என் குரல் எனக்குத் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். அம்மா ஈரச் சேலையைப் பிடித்தபடி துவைக்கிற கல்லடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்ப அழைத்தால் லைன் போகவில்லை. சேதி பரவி, எந்நேரமும் கடகடக்கும் பக்கத்து வீட்டு விசைத்தறிகள் நின்றன. தறிக்காரர் வந்தார், அவர் மனைவி வந்தார், யாரோ டிவியை அணைத்தார்கள். அதுவரை என்னோடு பேசியே இராத ஒரு பெண் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் திடீரென்று என்னிடம் அன்பாக இருந்தது எனக்குத் தாங்கமுடியாத பீதியைத் தந்தது. அம்மா மட்டும், "காடு போனாப் போவுது, ஊடு போனாப் போவுது, ஆள் இருந்தாப் போதும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது ஃபோன் அடித்தது. தறிக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நாந்தான்" என்றார் அப்பா.

"ஏனுங்க, நீங்கதானுங்களா? அடிகிடி பட்டுருச்சுங்களா?"

"எனக்கென்ன அடி. பணம் விழுந்துருச்சு. இந்த ஊருக் கவருமெண்டு ஒரேயடியா எறக்கி உட்டுருச்சு. மூணு இருந்தது நாலே முக்காலாப் போச்சு."

"காசுதானுங்களா?" என்றாள் அம்மா.

சிரித்தாள். அழுகையை அடக்கியிருந்த வீடு முழுக்க அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. தறிக்காரர் சிரித்தார், நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பக்கம் அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

ஆடியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடுவதாக இருந்தவர் அந்த ஆடிக்கு வரவில்லை, அடுத்த ஆடிக்கும் வரவில்லை. சேர்த்துவைத்த குவாச்சாவை மாற்றினால் கடனுக்கே காணாது, தேறட்டும் என்று காத்திருந்தார். அதுவோ ஆறுக்குப் போயிற்று. எனக்குள் அப்போது புதிய பயம் ஒன்று புகுந்தது. கஷ்டத்தைச் சொன்ன மனுஷனைப் பார்த்து ஊரே கூடிச் சிரித்துவிட்டது, அந்தக் கோபத்தில்தான் வராமல் இருக்கிறார் என்று நினைத்தேன். ஃபோனில் அவர் பேசாமல் இருந்த ஒவ்வொரு நொடியிலும், இப்போது சொல்லப்போகிறார், இனி வரமாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று பயந்து பயந்தே பெரியவளானேன்.

வண்டியை அங்கேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அவர் ஊர் வந்து சேர்ந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். காட்டில் பாதி கைமாறியிருந்தது. இன்று ஒரு ரூபாய்க்கு இருபது குவாச்சாவை ஒட்டிப் போகிறது என்று கைப்பேசியில் தட்டினால் தெரிகிறது. எங்கள் வீட்டில் அதைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டுத் தறிகளும் விற்றுப்போய்விட்டன. போன வாரம், பம்புசெட் வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் தைரியம் வந்து கேட்டேன், அன்று நாங்கள் சிரித்ததில் அவருக்குக் கோபமா என்று.

"கோவமா? நல்லவேளை சிரிச்சீங்க சாமி. அன்னிக்கு நான் வேற நெனப்புல இருந்தேன். உங்க மாமன் என்னையத் தனியா உட்டு நவுரவே இல்ல. காசுதானான்னு உங்கம்மா கேட்டா பாரு, அப்பறந்தான் ஒரு வாய் சோறு தின்னேன்."

என்ன நினைப்பு என்று நான் கேட்கவில்லை. டேப்பின் நுனியைப் பிடித்துக்கொடுத்தேன். அந்த மத்தியானம் நாங்கள் பயந்தது சரிதான். எது அவர் மேல் விழுந்தது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.