ரோஸ்லினுக்கு வைத்த டெஸ்ட்

புது டயர் வாசனை சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது... மைசூர் மண்டி மொஹல்லாவில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அங்கே டயர் அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, சில வருடங்களுக்கு முன் நானும் ஸ்டெல்லா டீச்சரும் இன்டர்வியூ நடத்தினோம்!

சம்பளமில்லாத வேலை அது. மைசூர்த் தமிழ்க் குடும்பங்களுக்காக நாங்கள் இருவரும் ஆரம்பித்த ஃபேஸ்புக் குரூப்புக்கு ஒரு மாடரேட்டர் தேவைப்பட்டார். வாடகை வீடு, அவசரத்துக்கு ரத்தம், மாதேஸ்வரன் மலைக்கு பஸ்... இவ்வளவுதான் எங்கள் குரூப்.

ஆனால் காவிரித் தண்ணீர்ப் பேச்சு சூடாகும்போதெல்லாம் எங்கிருந்தோ ஆட்கள் வந்து திட்டுவார்கள். இரண்டு மொழியிலும். பயந்துபோய்ப் பலர் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்கள். மூடிவிடலாமா என்றுகூட யோசித்தோம்.

டீச்சர்தான் சொன்னார். "நல்லவங்களான்னு பாத்து எடுக்க வேணாம் தம்பி. திட்டு விழும்போது என்ன பண்றாங்கன்னு பாப்போம்."

அதற்காகவே ஒரு டெஸ்ட் குரூப். வாடகை வீடு தேடும் ஒரு அம்மாவாக டீச்சர் ஒரு கேள்வி போடுவார். நான் வேறொரு பெயரில் வந்து கண்டபடி திட்டுவேன். வந்த மூன்று பேருக்கும் இது நாடகம் என்று தெரியும். ஆனாலும்...

முதலில் ஒரு பேங்க் ஊழியர். முகம் சிவந்து, பாரா பாராவாக டைப் அடித்து என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். அடுத்து ஒரு இன்ஜினியர். நான் ஒரு வரி எழுதியதுமே மொத்தப் பதிவையும் தூக்கிவிட்டு, "முடிஞ்சுது சார்" என்றார். அந்த அம்மாவின் கேள்வியும் சேர்ந்தே போயிருந்தது.

மூன்றாவது ரோஸ்லின். மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில், ஊழியர் பஸ்களைக் கவனிக்கும் டெஸ்க்கில் வேலை. மைசூரிலேயே பிறந்தவள், தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். வரிக்கு வரி எழுத்துப்பிழை. எனக்கு அது போதாதா? "தமிழே எழுதத் தெரியாத நீயெல்லாம் மாடரேட்டரா?" என்று ஆரம்பித்தேன்.

பதில் வந்தது. "ஆமா சார், என் தமிழ் வீக்குதான். அம்மா, நீங்க எந்த ஏரியால வீடு பாக்கறீங்க?"

அவளைப் பற்றி இன்னும் கேவலமாக எழுதினேன். அதைத் தொடவே இல்லை. பிறகு அந்த அம்மாவை ஒரு வார்த்தை சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் அந்த வரியைக் காணோம்!

"அவங்கள பேசாதீங்க. இன்னொரு வாட்டி பேசுனா நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

பேசினேன். தூக்கி வெளியே போட்டுவிட்டாள். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்... அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உன்ன திட்டுனத ஏன்மா அப்படியே விட்ட?" என்றார் டீச்சர்.

"என்ன திட்டுனா நான் பாத்துக்கறேன் மிஸ். டெஸ்க்ல தினமும் அதுதானே. அவங்க வீடு கேக்க வந்தாங்க... திட்டு வாங்க வரலல்ல?"

அன்றே அவளை மாடரேட்டர் ஆக்கினோம்.

அடுத்த முறை தண்ணீர்ப் பிரச்சினைக்காக பந்த் நடந்த அன்று, கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், "கொள்ளேகாலுக்கு பஸ் ஓடுதா? பஸ் ஸ்டாண்டுல கைக்குழந்தையோட நிக்கறேன்" என்று கேட்டிருந்தார். கீழே கன்னடத்தில் ஒருவர் வசை. தமிழில் இன்னொருவர் பதில் வசை. ரோஸ்லின் இரண்டையும் எடுத்தாள். "கொழந்தையோட நிக்கறாங்கண்ணா. பஸ் கேக்கறாங்க, அவ்வளவுதான்" என்று கன்னடத்தில் எழுதினாள்.

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எழுதட்டும் என்று விட்டுவிட்டாள். பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்... அத்தனை திட்டுக்கும் நடுவே, குரூப்பிலிருந்த கன்னட நண்பர் ஒருவர் எழுதினார். "சாயங்காலம் வரைக்கும் பஸ் இல்லை. எங்க அக்கா வீடு பக்கத்துலதான், வந்து உக்காரச் சொல்லுங்க."

மாலையில் பஸ் ஏறிவிட்டதாக அந்தப் பெண்ணே எழுதினார்.

இன்று குரூப் பல மடங்கு பெரிது. கெட்ட வார்த்தையை சாஃப்ட்வேரே மறைத்துவிடுகிறது. யாருக்கும் டெஸ்ட் வைப்பதில்லை. கல்யாணமாகிக் கோவைக்குப் போய்விட்ட ரோஸ்லினிடம் போன வாரம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"நல்லதுதானே அண்ணா. திட்ட அது எடுத்துடுது... கேட்டவங்களுக்கு யாரு பதில் சொல்றா?"

போனை வைத்ததும் குரூப்பைத் திறந்தேன். குழந்தைக்கு நல்ல டாக்டர் யார் என்று காலையில் ஒருவர் கேட்டிருந்தார். கீழே சுத்தமாக இருந்தது. ஒரு திட்டு இல்லை... ஒரு பதிலும் இல்லை.