ஹோலுக்குப் போட்ட பாத்ரூம் டைல்

எங்கள் வீட்டு ஹோலில், அதாவது வந்தவர்கள் உட்காரும் முன்னறையில், பாத்ரூம் டைல் பதித்திருக்கிறது. இரத்தோட்டையில் எங்களைத் தெரிந்தவர்கள் பலர் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டு வயதில் நானும் அவர்கள் கட்சிதான்.

என் அக்காவுக்குப் பெருமூளை வாதம். பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதால் வந்தது என்று அம்மா சொல்வார். கால்கள் இரண்டும் விறைத்து, நடக்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும். வலது பாதத்தைச் சரியாகத் தூக்க வராது, பெருவிரல் நிலத்தில் இழுபட்டுக்கொண்டே வரும். பேச்சும் மெதுவாகத்தான் வரும், பழகியவர்களுக்கு மட்டுமே விளங்கும். அதுவரை தவழ்ந்து திரிந்தவள், பன்னிரண்டு வயதில் கிளினிக்கில் கொடுத்த அலுமினிய வோக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அப்போது எங்கள் வீட்டுத் தரை சிவப்புச் சாயம் போட்டு மெழுகிய சீமெந்து. மழைக்காலத்தில் அது வியர்க்கும். அப்படி வியர்த்திருந்த ஒரு காலையில் அக்கா வோக்கரோடு வழுக்கி விழுந்து, வாய்க்குக் கீழே நாடி கிழிந்துவிட்டது. தையல் போட்டுக் கூட்டி வந்த அப்பா, இனித் தவழ்ந்தே போகட்டும் என்றார். பயத்தில் சொன்னதுதான். அக்கா சுவரைப் பிடித்து எழுந்து வோக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ நடப்பா. தரைய மாத்துவோம்" என்றார்.

கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, டைல் தன் பொறுப்பு என்றார். எந்த டைல் என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டிருந்தார். வெள்ளையாக இருக்க வேண்டும், குனிந்தால் முகம் தெரிய வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் வகுப்புத் தோழி வீட்டுத் தரையில் மின்விசிறி சுற்றுவதுகூடத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மாமா, அம்மா, அக்கா, நான், மடித்த வோக்கர் எல்லோருமாக ஓட்டோவில் நெருக்கியடித்து மாத்தளைக்குப் போனோம். டைல் கடையின் நடுவில், வாங்குகிறவர்கள் பார்ப்பதற்காக ஒவ்வொரு வகையிலும் ஒரு பாய் அளவுக்குப் பதித்து வைத்திருந்தார்கள். மாமா நேராக வெள்ளைக்குப் போனார்.

"இதுதான் தங்கச்சி இப்ப எல்லாரும் எடுக்குறது" என்றார் கடை முதலாளி அம்மாவிடம்.

அம்மா கொஞ்சம் தண்ணீர் கேட்டார். தாகம் என்று நினைத்த முதலாளி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா மூடியைத் திறந்து அந்த வெள்ளை டைல் மேல் ஊற்றினார்.

அக்கா ஏதோ சொன்னாள். "நடந்து பாக்கணுமாம்" என்று நான்தான் முதலாளிக்கு விளக்கினேன்.

அம்மா வோக்கரை விரித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தார். அக்கா ஈரத்தில் கால் வைத்தாள். இரண்டாவது எட்டு முடியவில்லை, கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் போய், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, புள்ள" என்று பாய்ந்து வந்த மாமா, கத்தாரில் வாங்கிய புதுச் சப்பாத்தோடு அதே இடத்தில் சறுக்கி, அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். முதலில் சிரித்தது அக்காதான். அதற்குப் பிறகு மாமா வெள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து, வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் போடுகிற சொரசொரப்பான டைல். அது வழுக்கவில்லை. ஆனால் இழுபட்டு வந்த பெருவிரல் அதில் மாட்டிக்கொள்ள, அக்கா முன்பக்கமாக விழுந்தாள். உள்ளங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. கடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போதும், வீட்டுக்குப் போவோம் என்றார் மாமா. அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் முதலாளியைப் பார்த்தாள்.

அவர் உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் சில டைல்களை எடுத்து வரச்செய்து, தன் கையாலேயே நெருக்கமாக அடுக்கினார். மினுக்கமே இல்லை. தடவினால் மெல்லிய சொரசொரப்பு விரலில் தட்டுப்பட்டது.

"இது பாத்ரூமுக்குப் போடுறது தங்கச்சி. ஹோலுக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

அம்மா மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார். அக்கா நடந்தாள். பெருவிரல் இழுபட்டது, மாட்டவில்லை. ஈரத்தில் வோக்கரும் நகர்ந்து ஓடவில்லை. கடைசி டைல் வரை போய், மெல்லத் திரும்பி வந்து, "இது" என்றாள். அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தேன். அம்மா வோக்கரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அக்காவை அந்த ஈரத்தில் உட்காரச் சொன்னார்.

"இப்ப யாரும் புடிக்காம எந்திரி."

அக்கா வோக்கர் வரை நகர்ந்து, அதைப் பிடித்து முழங்காலில் நின்றாள். எழ முடியவில்லை, சரிந்துவிட்டாள். மறுபடியும் சரிந்தாள். முகம் சிவந்து, வாயோரம் எச்சில் வழிந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். அம்மாவின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது.

"விடு. அவ எந்திரிப்பா."

அக்கா ஒரு பாதத்தை ஊன்றி, அது வழுக்கவில்லை என்று உறுதியாகும் வரை காத்திருந்து, பிறகு மற்றதை ஊன்றினாள். எழுந்து நின்றபோது உடம்பு முழுவதும் நடுங்கியது. முதலாளி "மாஷா அல்லாஹ்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அம்மாவோடு நான் பேசவில்லை. பெற்ற பிள்ளையை ஊர் பார்க்க விழ வைக்கிற தாயை நான் அதுவரை கண்டதில்லை. இரத்தோட்டை வந்து இறங்கும்போதுதான் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"தரை எப்புடின்னு பாக்க வேணாமா?" என்றார் அம்மா. அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை.

அடுத்த வாரமே டைல் பதித்தார்கள். அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் இருந்த படியையும் டைல் பதிக்க வந்த மேசன் பாஸிடம் சொல்லி உடைத்துச் சமப்படுத்தினார் அம்மா. அதற்குப் பிறகும் அக்கா விழுந்திருக்கிறாள். விழுந்து, எழுந்திருக்கிறாள். அப்பா விடிவதற்கு முன்பே மரக்கறி லொறியோடு தம்புள்ளைக்குப் போய்விடுவார், அம்மா மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். பகலில் அவளுக்கு அந்தத் தரைதான் துணை.

நான் கல்யாணமாகிக் கலேவெலவில் இருக்கிறேன். அம்மா இறந்து சில வருடங்களாகின்றன. போன மாதம் ஊருக்குப் போனபோது, அக்கா குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹோலைக் கடந்து, அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் பிடிக்கவில்லை. பிடித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

அம்மா இல்லாத ஒரு வீடு இருக்கும் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தோன்றும்? அம்மாவுக்கு அது தோன்றியிருக்கிறது.